உப்பு எங்கே போகும்?

எங்கள் வீட்டில் தினமும் காலை பத்தரை மணிக்கு ஒரு சண்டை நடக்கும். சத்தியமங்கலத்தில் மல்லிகை போட்டிருக்கும் பல வீடுகளில் நடக்கிற சண்டைதான். விடிவதற்கு முன்பே அம்மாவும் பூப்பறிக்க வரும் இரண்டு அக்காக்களும் தோட்டத்துக்குள் இறங்கிவிடுவார்கள். வெயில் ஏறுவதற்குள் மொட்டெல்லாம் பறித்தாக வேண்டும். களத்து ஓரமாகத் தொங்கும் தராசில் அம்மா எடை போட்டு நோட்டில் எழுதுவாள். அப்பா அதை ஈரத்துணியில் சுற்றி டிவிஎஸ் ஃபிஃப்டியில் வைத்துக்கொண்டு பூ மார்க்கெட்டுக்குப் போவார். திரும்பி வந்து சீட்டைக் கொடுப்பார். தோட்டத்தில் ஆறு கிலோ இருந்த பூ, சீட்டில் ஐந்தே முக்காலாக இருக்கும்.

"கால் கிலோ எங்கீங்க போச்சு?"

"காத்துல போச்சு."

அப்பா கேலியாகச் சொல்வது போலத்தான் இருக்கும். அம்மாவுக்கு ஆத்திரமாக வரும். எடை போடுகிறவன் ஏமாற்றுகிறான் என்பாள். இல்லாவிட்டால் அப்பா வழியில் யாருக்கோ அள்ளிக் கொடுத்துவிட்டார் என்பாள். நான் பதினோராம் வகுப்பு சேர்கிற வரை அம்மாவின் கட்சி.

*

2004-ல் ரங்கசமுத்திரத்தில் ஒரு மாடி வீட்டில் கெமிஸ்ட்ரி டியூஷன் போனேன். சார் அரசுப் பள்ளியில் இருந்து ஓய்வு பெற்றவர். பாடம் நடத்துவதில் அவருக்கு ஒரு வினோதமான பிடிவாதம் உண்டு. சமன்பாட்டைச் சமப்படுத்தச் சொல்லவே மாட்டார். மற்ற டியூஷன்களில் பையன்கள் இடப்பக்கம் இரண்டு, வலப்பக்கம் மூன்று என்று எண்களைப் போட்டுப் போட்டு அழித்துக்கொண்டிருப்பார்கள். இவர் கணக்கைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, "யாரு உள்ள வந்தா, யாரு வெளிய போனா, அத மட்டும் பாருங்கடா" என்பார்.

எனக்கு இன்றும் நினைவில் இருக்கிற முதல் கணக்கு பொட்டாசியம் குளோரேட். 24.5 கிராம் எடுத்துச் சூடாக்கினால் ஆக்சிஜன் வெளியே போய்விடும், பொட்டாசியம் குளோரைடு மிஞ்சும். வெளியே போன ஆக்சிஜன் எவ்வளவு?

புத்தக வழி என்றால் சமன்பாடு எழுதி, சமப்படுத்தி, மோல் விகிதம் போட்டு வர வேண்டும். சார் பொட்டாசியத்தை மட்டும் விரலால் தொட்டுக் காட்டினார். "இவன் எங்கயாச்சும் போறானா? போகல. உள்ள இருந்தவன் அத்தன பேரும் மிச்சத்துலதான் உக்காந்திருக்கான்." பொட்டாசியம் குளோரேட்டின் மோல் நிறை 122.5. ஆக 24.5 கிராம் என்பது 0.2 மோல். அதில் 0.2 மோல் பொட்டாசியம். அத்தனையும் குளோரைடில் இருக்க வேண்டும் என்றால் குளோரைடும் 0.2 மோல். அதன் மோல் நிறை 74.5. பெருக்கினால் 14.9 கிராம். ஆரம்பத்தில் இருந்த 24.5-ல் இருந்து 14.9-ஐக் கழித்தால் 9.6 கிராம். அதுதான் ஆக்சிஜன். சமன்பாட்டில் ஒரு எண்கூடப் போடவில்லை.

மாறாமல் இருக்கிற ஒருவனைப் பிடித்துக்கொண்டால் மாறிப்போன எல்லாரையும் கண்டுபிடித்துவிடலாம். அவ்வளவுதான் வித்தை. பாடப்புத்தகத்தில் பொருண்மை அழியா விதி என்று ஒற்றை வரியில் இருந்தது இப்படிக் கணக்குப் போடுகிற கருவியாக மாறியதும் எனக்கு ஒரு போதை மாதிரி ஆகிவிட்டது. சுண்ணாம்புக் காளவாயில் 100 கிலோ கல் போட்டால் ஏன் 56 கிலோ சுண்ணாம்புதான் வருகிறது? மீதி 44 கிலோ கரியமில வாயுவாகப் புகையோடு போகிறது. துருப்பிடித்த ஆணி புது ஆணியைவிட ஏன் கனக்கிறது? காற்றில் இருந்த ஆக்சிஜன் வந்து ஏறிக்கொள்கிறது.

ஒரு நாள் சாரிடம் வீட்டுச் சண்டையைச் சொன்னேன். சிரிக்கவில்லை. "ரெண்டு டப்பா எடுத்துக்கோ. ஒண்ணு மூடி போட்டது, ஒண்ணு திறந்தது. ரெண்டுலயும் கால் கால் கிலோ பூ போட்டு வை. மூணு மணி நேரம் கழிச்சு டப்பாவோட சேத்து எடை போடு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை போட்டுப் பார்த்தேன். மூடிய டப்பா அப்படியே இருந்தது. திறந்த தட்டில் கால் கிலோ இல்லை, பதினைந்து கிராம் குறைந்திருந்தது. மூடியைத் திறந்து அம்மாவிடம் காட்டினேன். உள்பக்கம் முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர். அம்மா விரலால் வழித்துப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாளில் இருந்து அவளுடைய நோட்டில், தோட்டம் என்றும் மார்க்கெட் என்றும் இருந்த இரண்டு பத்திகளுக்கு நடுவில் மூன்றாவதாக ஒரு பத்தி வந்தது. அதற்கு மேலே பென்சிலில் 'காத்து' என்று எழுதியிருந்தாள்.

*

இதே டப்பா வேலையைத்தான் 1774-ல் லவாய்சியே செய்தார் என்று பின்னால் படித்தபோது தெரிந்தது. அவருக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னால் ராபர்ட் பாயில் வெள்ளீயத்தைக் குடுவையில் அடைத்துச் சூடாக்கினார். பிறகு குடுவையைத் திறந்து எடை போட்டார். கூடியிருந்தது. கண்ணாடி வழியாகத் தீயின் துகள்கள் உள்ளே போய் ஒட்டிக்கொண்டன என்று முடிவு கட்டினார். லவாய்சியே செய்த மாற்றம் ஒன்றே ஒன்றுதான். திறப்பதற்கு முன்பே எடை போட்டார். எடை மாறவில்லை. திறந்ததும் காற்று விருட்டென்று உள்ளே நுழைந்தது. அப்புறம்தான் எடை ஏறியது. ஏறியது தீ இல்லை, காற்று.

லவாய்சியேவின் பிழைப்பு வேதியியல் இல்லை. அரசருக்காக வரி வசூலிக்கும் கம்பெனியில் பங்குதாரர். பகலெல்லாம் வரவு செலவு பார்க்கிற ஆள். அந்த ஆள் சோதனைச்சாலைக்குள் வந்தும் அதையே செய்தார். உள்ளே எவ்வளவு, வெளியே எவ்வளவு, இடிக்கிறதா? 1789-ல் வந்த அவருடைய பாடநூலில் இந்த விதி முறையாக இடம்பெற்றது. அதே ஆண்டு புரட்சி. 1794 மே 8 அன்று வரிக் கம்பெனிக்காரர்கள் மற்றவர்களோடு சேர்த்து அவர் தலையையும் கில்லட்டினில் வெட்டினார்கள். அவர்கள் மீதான குற்றச்சாட்டுகளில் ஒன்று, புகையிலையில் அளவுக்கு மீறித் தண்ணீர் தெளித்து எடையைக் கூட்டி விற்றார்கள் என்பது. இதைப் படித்த அன்று அப்பாவின் ஈரத்துணியை நினைத்து வெகுநேரம் சிரித்துக்கொண்டிருந்தேன்.

*

2010-ல் இன்ஜினியரிங் முடித்தேன். கேம்பஸில் வேலை கிடைத்திருந்தது. ஆனால் சேரும் தேதி வரவில்லை. எங்கள் செட்டில் பலருக்கும் அப்படித்தான். மெயிலைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அப்போது திருப்பூரில் இருந்து சித்தப்பா கூப்பிட்டார்.

"சும்மாதான கண்ணு இருக்கே? ஒரு மாசம் இங்க வந்து கம்ப்யூட்டர் வேல பாத்துக் குடு. சித்தி கையில சாப்புட்ட மாதிரியும் ஆச்சு."

சித்தப்பாவிடம் இல்லை என்று சொல்ல முடியாது. அவர் சாயப்பட்டறை வைத்திருந்தார். எங்கள் குடும்பத்தில் முதலில் கார் வாங்கியவர். என் கடைசி இரண்டு வருட ஃபீஸ் அவர் கட்டியது. பூ விலை விழுந்திருந்த வருடங்கள் அவை. அப்பா கேட்கவில்லை, இவராகவே கொண்டுவந்து கொடுத்தார். புளியம்பட்டி, அவிநாசி வழியாகத் திருப்பூர் பஸ் ஏறினேன்.

சாயம் போடுவதில் உப்பு என்ன செய்கிறது என்பதை அங்கே போய்த்தான் கற்றுக்கொண்டேன். பருத்தித் துணி தண்ணீரில் நனைந்ததும் அதன் மேற்பரப்பில் லேசான எதிர்மின்னேற்றம் வரும். ரியாக்டிவ் சாயத்துக்கும் எதிர்மின்னேற்றம்தான். இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். நடுவில் உப்பு வேண்டும். சாதாரண உப்போ, சோடியம் சல்பேட்டோ. அது சாயத்தைத் துணியின் பக்கம் தள்ளிவிடும். அப்புறம் சோடா ஆஷ் போட்டால் சாயம் துணியோடு வேதிப்பிணைப்பாக ஒட்டிக்கொள்ளும். கறுப்பு, நேவி புளூ மாதிரி அடர் நிறங்களுக்கு லிட்டருக்கு 80 கிராம் வரை உப்பு போகும். வெளிர் நிறத்துக்குக் குறைவு.

இதில் முக்கியமானது ஒன்று. சாயம் துணியில் தங்குகிறது. உப்பு தங்குவதில்லை. தள்ளிவிடுகிற வேலையை முடித்துவிட்டு, போட்டது போட்டபடி அலசுகிற தண்ணீரில் வெளியே வந்துவிடுகிறது. ரங்கசமுத்திரம் சாரின் பாஷையில் சொன்னால், கணக்கில் மாறாமல் இருக்கிற ஆள் அதுதான்.

சித்தப்பா பட்டறையில் ஒரு நாளைக்குச் சராசரியாக இரண்டு டன் துணி ஓடியது. ஒரு கிலோ துணிக்கு எட்டு லிட்டர் தண்ணீர். ஆக 16,000 லிட்டர். எல்லா நிறத்துக்கும் சராசரி போட்டு லிட்டருக்கு 40 கிராம் என்று வைத்தால் நாளைக்கு 640 கிலோ உப்பு. வருடத்துக்கு 300 நாள். 192 டன். பில்களைக் கூட்டிப் பார்த்தேன். ஏறத்தாழ அதேதான் வந்தது. மாதம் 16 டன்.

கழிவுநீரை ஆர்.ஓ. வழியாக விட்டு, நல்ல தண்ணீரைத் திரும்ப எடுத்து, மிஞ்சுகிற உப்புநீரைக் காய்ச்சி உப்பையும் எடுக்க வேண்டும். ஒரு சொட்டுகூட வெளியே விடக் கூடாது. பூஜ்யக் கழிவு என்று இதற்குப் பெயர். எவாப்பரேட்டர் ஓட்ட விறகுச் செலவு, கரண்டுச் செலவு. சித்தப்பா பட்டறையில் மெஷின் எல்லாம் இருந்தது. ஓடுகிற சத்தம் நான் இருந்த மாதத்தில் நான்கைந்து நாள்தான் கேட்டது.

எனக்குக் கொடுத்த வேலை ரெஜிஸ்டர். வாங்கிய உப்பு, பயன்படுத்தியது, மீட்டு எடுத்தது என்று போன வருடத்துக்கு முழுதும் எக்ஸெலில் போட வேண்டும். வாங்கியதற்கு பில் இருந்தது. மீட்டு எடுத்த உப்புக்கு, கொட்டகையில் அடுக்கியிருந்த மூட்டைகள் இருந்தன. எண்ணினேன். 420. மூட்டைக்கு ஐம்பது கிலோ என்றால் 21 டன்.

"மீட்டது தொண்ணூறு பர்சன்ட்டுக்கு மேல காட்டோணும் கண்ணு. மாசா மாசம் ஒரே மாதிரி இருந்தா சந்தேகம் வரும். கொஞ்சம் ஏற எறக்கமாப் போட்டுரு."

ஏற்ற இறக்கத்துக்கு எக்ஸெலில் ஒரு சூத்திரம் இருக்கிறது. ரேண்ட்பிட்வீன். இரண்டு எண்ணைக் கொடுத்தால் நடுவில் எதையாவது ஒன்றை அதுவாகப் பொறுக்கிப் போடும். 90, 95 என்று கொடுத்தேன். அன்றன்றைய உப்போடு பெருக்கினேன். முந்நூறு வரிசைக்கும் இழுத்துவிட்டேன். பத்து நிமிட வேலை. பார்க்க அத்தனை இயல்பாக இருந்தது. ஒரு நாள் 592, ஒரு நாள் 601.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. குற்ற உணர்ச்சியால் என்று சொன்னால் அது பொய். கணக்கு இடித்தது, அதனால்தான். 92 சதவீதம் திரும்பக் கிடைத்திருந்தால் அதையே அடுத்த நாள் போட்டிருக்கலாம். அப்புறம் மாதாமாதம் 16 டன் எதற்குப் புதிதாக வாங்க வேண்டும்? ஒன்றேகால், ஒன்றரை டன் வாங்கினால் போதும். பென்சில் வைத்திருக்கும் யாரும் இரண்டு நிமிடத்தில் பிடித்துவிடுவார்கள். காலையில் சித்தப்பாவிடம் சொன்னேன். பரீட்சையில் தப்பைக் கண்டுபிடித்த பையன் மாதிரி, கொஞ்சம் பெருமையோடுதான் சொன்னேன்.

சித்தப்பா டீயைக் கீழே வைத்தார். "அப்ப வெளிய வித்துட்டோம்னு போட்டுரு."

"வாங்குனவங்க கணக்குல வரவு இருக்கோணுமில்லீங்க சித்தப்பா?"

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "அத்தன தூரம் யாரு கண்ணு பாக்கப் போறாங்க? நானு எவாப்பரேட்டர தினமும் ஓட்டுனா கிலோவுக்கு விலை ஏத்தோணும். ஏத்துனா பார்ட்டி பக்கத்துப் பட்டறைக்குப் போயிருவான். அவன் ஓட்டுறதில்ல. அப்பறம் என்ற எழுபது ஆளுக்குச் சனிக்கெழம சம்பளம்?" என்றார். கோபமாக இல்லை. களைப்பாகச் சொன்னார்.

நான் அந்த எண்களை நிலையான எண்களாக மாற்றி, பிரிண்ட் எடுத்து, ஸ்பைரல் போட்டுக் கொடுத்தேன். சித்தி எனக்குச் சட்டைத்துணி எடுத்துக் கொடுத்தாள்.

*

மீதி 171 டன் எங்கே போனது என்று எனக்குத் தெரியும். கண்ணால் பார்த்ததில்லை, ஆனால் பார்க்கத் தேவையில்லை. 192-ல் 21 போக மீதி. அது ராத்திரியில் மழைநீர் வாய்க்கால் வழியாக நொய்யலுக்குப் போனது.

நொய்யல் வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக ஓடி, கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேர்கிற ஆறு. திருப்பூருக்குக் கீழே ஒரத்துப்பாளையத்தில் அதன் குறுக்கே ஓர் அணை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பாசனத்துக்காகத் திறக்கப்பட்ட அணை. மேலே இருந்து வந்த சாயத் தண்ணீர் அங்கே வந்து தேங்கியது. சில வருடங்களிலேயே விவசாயிகள், இந்தத் தண்ணீரை வயலுக்கு விடாதீர்கள் என்று சொல்லும் நிலை வந்தது. அணை கட்டித் தண்ணீர் கொடுங்கள் என்று மனு கொடுப்பவர்களைப் பார்த்திருக்கிறோம். அணைத் தண்ணீர் வேண்டாம் என்று நீதிமன்றத்துக்குப் போனவர்கள் நொய்யல் ஆயக்கட்டுக்காரர்கள்.

அப்பாவின் அக்காவை அந்தப் பக்கம்தான் கட்டிக் கொடுத்திருந்தது. அத்தை வீட்டுக்கு லீவுக்குப் போனால் டீ ஒரு மாதிரி கரிக்கும். தேங்காய் கைக்குள் அடங்கிவிடும். "நம்ம சத்தித் தண்ணி ஒரு கேன் கொண்டாந்திருக்கலாமல்லோ" என்று அத்தை ஒவ்வொரு தடவையும் சொல்லுவாள். பவானித் தண்ணீரைத்தான் சொல்லுவாள். நாங்கள் அதை ஊர்ப்பெருமையாக எடுத்துக்கொண்டு சிரிப்போம். சித்தப்பா அத்தைக்குத் தம்பி. பொங்கலுக்குச் சீர் கொண்டுபோகிற தம்பி. ஒருத்தருக்கும் அந்த இரண்டையும் ஒரே கணக்கில் வைத்துப் பார்க்கத் தோன்றியதில்லை. எனக்கும்தான்.

கழிவுநீரில் கரைந்த உப்புக்களுக்கு அனுமதிக்கப்பட்ட அளவு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம். 171 டன்னை அந்த அளவுக்கு நீர்க்க வைக்க வேண்டும் என்றால் எட்டுக் கோடி லிட்டருக்கு மேல் சுத்தமான தண்ணீர் வேண்டும். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் கிட்டத்தட்ட 6,800 லோடு. ஒரு பட்டறைக்கு, ஒரு வருடத்துக்கு. திருப்பூரில் எழுநூறுக்கு மேற்பட்ட பட்டறைகள் இருந்தன. எல்லாரும் சித்தப்பா மாதிரி இல்லை. தினமும் மெஷின் ஓட்டி நஷ்டப்பட்டவர்களும் இருந்தார்கள்.

உயிர்க்கழிவு என்றால் பாக்டீரியா தின்று தீர்க்கும். சாயத்தின் நிறத்தைக்கூட உடைத்து மங்க வைக்க முடியும். சோடியத்தை எதுவும் தின்று தீர்க்காது. மழை அடித்துக்கொண்டு போனால் இன்னொரு இடத்தில் இருக்கும். மண்ணில் ஊறினால் மண்ணில் இருக்கும். கிணற்றில் இறங்கினால் கிணற்றில். கடைசியில் அத்தையின் டீ டம்ளரில்.

*

2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாய, சலவைப் பட்டறைகளை மூட உத்தரவிட்டது. எனக்கு டிசம்பரிலேயே சேரும் தேதி வந்து நான் பெங்களூர் போயிருந்தேன். செய்தியை ஆபீஸ் கேன்டீன் டிவியில் பார்த்தேன். நான் போட்டுக் கொடுத்த ரெஜிஸ்டரை யாராவது பிரித்துப் பார்த்தார்களா என்று தெரியாது. பார்த்திருக்க மாட்டார்கள். ஊர் மொத்தத்தின் கணக்கும் அணைக்குள் தேங்கி நின்றது. ஒரு பட்டறையின் ஸ்பைரல் நோட்டு யாருக்கு வேண்டும்?

சித்தப்பா கார் விற்றார். மெஷின்களை இரும்பு விலைக்குக் கொடுத்தார். எழுபது பேரில் பாதி வெளியூர்க்காரர்கள். அந்த வாரமே ரயில் ஏறிவிட்டார்கள் என்று சித்தி சொன்னாள். நியாயம் ஜெயித்தது என்று எனக்குத் தோன்றவில்லை. தப்பு நடந்துவிட்டது என்றும் தோன்றவில்லை. அத்தை மட்டும் போனில், "தம்பி பாவந்தான். ஆனா எங்க கெணத்துக்கு இனி என்னடா பண்ணுறது?" என்று கேட்டாள்.

பிற்பாடு பட்டறைகள் ஒவ்வொன்றாகத் திரும்பத் திறந்தன. இப்போது பூஜ்யக் கழிவு நிஜமாகவே நடக்கிறது. உப்புநீரை மறுபடி சாயத்துக்கே எடுத்துக்கொள்கிறார்கள். அதுதான் சரியான கணக்கு. அப்படியும் பயன்படுத்த முடியாத கலப்பு உப்பும் ஸ்லட்ஜும் மூட்டைகளாக மிஞ்சுகின்றன. காய்ச்ச எரிக்கும் விறகில் 12 கிலோ கார்பன் இருந்தால் 44 கிலோ கரியமில வாயுவாக மேலே போகிறது. அதற்கும் யாராவது ஒரு பத்தி போட வேண்டும்.

*

போன தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது பழைய ஹார்ட் டிஸ்க்கில் அந்த எக்ஸெல் கிடைத்தது. அச்சுக்குக் கொடுத்த பிரதி இல்லை. சூத்திரத்தோடு இருக்கிற மூலக் கோப்பு. ரேண்ட்பிட்வீனுக்கு ஒரு குணம் உண்டு. ஒவ்வொரு தடவை கோப்பைத் திறக்கும்போதும் அது புதிதாக எண்களைப் பொறுக்கும். திறந்தேன். வருடத்துக்கு மீட்ட உப்பு 177 டன் என்றது. மூடித் திறந்தேன். 178. இன்னொரு தடவை. 177. கூப்பிட்டபோதெல்லாம் ஒரு புது பதிலோடு வந்து நின்றது. நான் எழுதிய முதல் புரோகிராம் என்று சம்பளத்துக்குப் பதினைந்து வருடமாகக் கோட் எழுதுகிறவன் சொல்லிக்கொள்ள வேண்டியது அதைத்தான். என் ஃபீஸ் ரசீதுகளும் அதே டிஸ்க்கில் ஸ்கேன் செய்யப்பட்டு இன்னொரு ஃபோல்டரில் இருந்தன. அந்தப் பணமும் அந்தத் தண்ணீரில் இருந்துதான் வந்தது. எந்தப் பக்கம் எழுதினாலும் என் பெயர் இல்லாமல் அந்தக் கணக்கு முடியாது.

மீட்டது என்ற பத்தியை அழித்தேன். கொட்டகையில் எண்ணிய 21-ஐப் போட்டேன். பக்கத்தில் புதிதாக ஒரு பத்தி சேர்த்து அதற்கு மேலே 'நொய்யல்' என்று அடித்தேன். கழித்தல் சூத்திரம். 171. இந்த எண் மூடித் திறந்தாலும் மாறவில்லை.

சாயங்காலம் சித்தப்பா வந்திருந்தார். இப்போது எங்கள் தோட்டத்துக்குப் பக்கத்தில்தான் இரண்டு ஏக்கரில் மல்லிகை போட்டிருக்கிறார். லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினேன். காட்டியிருக்க வேண்டாமோ என்று காட்டிய பிறகுதான் தோன்றியது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரிசை வரிசையாகக் கீழே இறங்கி வந்தார். கடைசி வரிசையில் நின்றார்.

"அவ்வளவா கண்ணு?"

"ஒரு வருசத்துக்குங்க சித்தப்பா."

அவர் பட்டறை ஒன்பது வருடம் ஓடியது. மனதுக்குள் பெருக்குகிறார் என்பது உதடு அசைவதில் தெரிந்தது. பெருக்கி முடித்தாரா என்று நான் கேட்கவில்லை. அம்மா டீ கொண்டுவந்து வைத்தாள். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைப் பார்த்தார்.

"அக்கா வீட்டுக் கெணறு இப்ப எப்புடி இருக்குதாம்?" என்று கேட்டார்.